பிரதிக்கு இரண்டு ரூபாய்

கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் எதிர்வரிசையில்
ஏழாவது ஜெராக்ஸ் கடை என்னுடையது.
பட்டா, வாரிசுச் சான்றிதழ்,
முதியோர் பென்ஷனுக்குக் கைநாட்டு வைத்த மனு
எல்லாம் இந்தக் கண்ணாடியில் முகம் குப்புறப் படுத்து
எழுந்து போனவைதாம்.

வருஷத்துக்கு ஒருதடவை அவள் வருவாள்,
விசா நீட்டிக்க.
பாஸ்போர்ட்டில் அமத்துஸ்ஸலாம்.
முதல் வருஷம் மனு டைப் அடித்த சுடலைமுத்து
பாதிப் பெயரைத்தான் காதில் வாங்கினான்.
அமுதா என்று அடித்துவிட்டான்.
வேறு தாள் செருகினோம். தப்பான தாளைக் கசக்கப்போன
என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
'இவளும் யாரோ ஒருத்தி. கிழிக்காதே.'
மடித்துப் பைக்குள் வைத்தாள்.

பாக்கியத்தின் பாவால்தான் பாளையங்கோட்டை என்பாள்.
காதில் விழுந்தால் சிரிப்பு வரும்.
எழுதிப் பார்த்தால்
ஒரு வித்தியாசமும் இல்லை.

மனுவோடு ஒரு போட்டோவும் வரும்.
சனாவில் ஒரு மாடிப்படி.
படியில் நாலு பெண்கள், முழங்கைவரை பெயிண்ட்.
தலைக்குமேல் அரைவட்ட ஜன்னல்,
சுண்ணாம்பில் பதித்த கலர் கண்ணாடி.
அசல் அந்தப் படிச்சுவரில் மாட்டியிருந்ததாம்.
சுவர் இப்போது இல்லை.

போன வருஷப் பிரதியைத்தான்
இந்த வருஷம் பிரதி எடுக்க வேண்டும்.
நாலுபேரும் அப்படிப் பேசிவைத்திருக்கிறார்கள்.
ஒருத்தி கெய்ரோவில், ஒருத்தி கோலாலம்பூரில்,
ஜிபூட்டியில் தகரக்கூரைக்குக் கீழே அர்வா.
அவரவர் ஊர் மிஷின், அவரவர் ஊர் மை.
'இதுதான் எங்கள் ஓவியம்' என்றாள்.
பச்சைப் பட்டனை அமுக்குகிறவள் நான்,
ஓவியம் இவர்களுடையதா என்று நினைத்துக்கொண்டேன்,
சொல்லவில்லை.

கறுப்பைக் கூட்டட்டுமா அக்கா?
'வேண்டாம். மிஷின் மறக்கிறபடி மறக்கட்டும்.'

முதல் பிரதியிலேயே நிறம் போனது.
மூன்றாம் வருஷம் ஜன்னல்.
அதற்கடுத்து இடதுகோடிப் பெண்ணின் வாய்.
'அது நான்' என்றாள்,
பாக்கிச் சில்லறையை எண்ணியபடி.

ஆறு கடைக்குள் வந்த மார்கழியில்
இடுப்பளவுத் தண்ணீரில் நின்று
நானும் சுடலைமுத்தும் மிஷினை மேஜைமேல் ஏற்றினோம்.
பீரோ முனை உரசி, கண்ணாடியில் நீளமாக ஒரு கீறல்.
அன்றிலிருந்து எந்தத் தாளிலும் ஒரு கோடு விழுந்தது.
நிலப்படத்தைக் காட்டி
இது வரப்பா ஓடையா என்று
தாசில்தார் ஆபீஸில் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.
மெக்கானிக் வரவேண்டியது மறுநாள்.
அவள் முந்தின நாளே வந்துவிட்டாள்.

படிக்கட்டின் ஓரமாகக் கோடு.
'மன்னிச்சிருங்கக்கா, நாளைக்கு மாத்திருவேன்.'
தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.
'என்ன இது?'
'ஆறு' என்றேன். வேறெப்படிச் சொல்ல?

எங்கள் தேசத்தில் ஆறே கிடையாது என்றாள்.
மழை பெய்தால் தெரு ஓடும்.
மாடியிலிருந்து பார்ப்போம்,
அடுத்த மழைவரை அது தெருதான்.

நானும் குனிந்து பார்த்தேன்.
முகங்கள் போய்விட்டன. முழங்கால்கள் இருந்தன.
தண்ணீரை ஒட்டி, படியில்,
துவைத்துக் கரையேறியவர்கள் மாதிரி நாலுபேர்.
'படித்துறை மாதிரி இருக்கு.'
'என்ன மாதிரி?'
இன்னொருதரம் சொன்னேன்.
பாக்கியத்தின் பாவால் சொல்லிப் பார்த்தாள்,
தாளின் பின்னால் அவள் எழுத்தில்
வலமிருந்து இடமாக எழுதிக்கொண்டாள்.

நாலு பிரதி, எட்டு ரூபாய்.
பத்தாகத் தந்தாள். சில்லறை இல்லாமல்
ஐந்தாவதாக ஒன்று எடுத்தேன்.
அதை வாங்காமலே போய்விட்டாள்.
கல்லாவுக்குள் கிடக்கிறது.

ஆடியில் மேலப்பாளையத்திலிருந்து போன் செய்தாள்.
கவர் போய்ச் சேர்ந்ததாம்.
அர்வா கேட்டாளாம்:
நாம் உட்கார்ந்திருந்தபோது தண்ணீர் இவ்வளவு பக்கத்திலா இருந்தது?
'நீங்க என்ன சொன்னீங்க?' என்றேன்.
லைன் சரியில்லை.
அடுத்த வருஷம் கேட்க வேண்டும்,
நீட்டித்துக் கொடுத்தால்.