காயாத மஞ்சள்

கறுப்பு ட்யூப் நான் வாங்குவதில்லை.
பாபுராவ் தெருவின் இரவில் கறுப்பு கிடையாது.
அடர்நீலத்தில் பழுப்பைக் குழைத்தால்
இறக்கிய ஷட்டர்களின் நிறம் வரும்.
அதில் சிவப்பு ஒரு துளி விழுந்தால்
மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்தபடி தூங்குபவரின்
போர்வை வந்துவிடும்.

லாட்ஜில் எனக்கு இரவுப் பணி.
பன்னிரண்டுக்கு மேல் சாவி கேட்டு ஆள் வராது.
பேரேட்டை மூடிவிட்டு
ஹார்ட்போர்டைச் சுவரில் சாய்ப்பேன்.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே
வங்காள எழுத்தில் ஒரு சாப்பாட்டுப் பலகை,
நிழலைச் சக்கரத்துக்கடியில் மடித்து வைத்த ஆட்டோ,
பகல் சூட்டை இன்னும் விடாத தார்.
வேலூர் வெயில் எங்கும் போவதில்லை,
ராத்திரியில் தரையோடு படுத்துக்கொள்ளும்.
அதை வரைவதுதான் கஷ்டம்.
சூட்டுக்கு என்ன நிறம், சொல்லுங்கள் பார்ப்போம்.

மூன்றாம் இரவு 207-லிருந்து இறங்கி வந்தார்
ஷிப்ரா சர்க்கார், கூச்பிஹார்.
பேரேட்டில் நான் எழுதிய பெயர்.
முந்தானையால் மூக்கைப் பொத்தி
டர்பென்டைன் குப்பியைக் காட்டினார்,
மாடியைக் காட்டினார்,
தன் நெஞ்சில் இரண்டு முறை தட்டினார்.
அவர் கணவருக்கு அங்கேதான் அறுத்திருந்தார்கள்.

மூடியைத் திருகி வைத்தேன்.
கம்பம் வரைந்தாயிற்று, விளக்கு இன்னும் இல்லை.
தெரு எட்டு நாள் இருட்டில் கிடந்தது.

ஒன்பதாம் இரவு ஒரு கிண்ணத்தோடு வந்தார்.
கடுகெண்ணெய்.
எல்லாம் எண்ணெய்தானே
என்பதுபோல் கையை விரித்தார்.
அது காயாது என்று எனக்குத் தெரியும்.
காயாது என்பதற்கு இந்தியில் என்ன சொல்வார்கள்
என்று தெரியாது.
கிண்ணம் நீட்டியபடியே இருந்தது.
தூரிகையைத் தொட்டுக்கொண்டேன்.

மஞ்சளைக் கரைத்துக் கம்பத்தின் தலையில் வைத்தேன்,
அப்படியே தாரில் கீழே இழுத்தேன்.
சொட்டு மழை காணாத மே மாதத்தில்
மழை விட்ட தெருவாய் மினுங்கியது.
பொய்தான்.
ஷிப்ரா தலையைச் சாய்த்துப் பார்த்து
"ரொம்ப ஜாஸ்தி" என்றார்.
ஆட்டோக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி
அவருக்குப் படிந்த ஒரே தமிழ்.

பழைய தலையணை உறையால்
பாதி வெளிச்சத்தைத் துடைத்தெடுத்தேன்.
மிச்சம் நின்றது சரியான விலை.

ஒரு புதன்கிழமை விடியுமுன்
காட்பாடி ரயிலுக்குக் கிளம்பினார்கள்.
இரண்டு பேராய் வந்தவர்கள்
இரண்டு பேராகவே.
எல்லா அறைக்கும் அப்படி எழுத வாய்ப்பதில்லை.
ஆட்டோ உறுமிக்கொண்டிருக்க
அந்த மனிதர் படத்தருகே வந்து
விளக்கை விரலால் தொட்டார்.
ஈரம்.
திருடியவர்போல் என்னைப் பார்த்துவிட்டு
விரலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார்.

ஏழு மாதம் ஆகிறது.
ஷட்டர்கள் இறுகிவிட்டன. ஆட்டோ இறுகிவிட்டது.
படியில் தூங்குபவரைச் சுரண்டினாலும் எழமாட்டார்.
விளக்கு மட்டும் காயவில்லை.
தூசி ஒட்டுகிறது, ஐப்பசியில் ஓர் ஈசல்
சிறகோடு ஒட்டிக்கொண்டது,
அதை எடுக்கவில்லை.
"வழித்துவிட்டு ஒழுங்காய்ப் போடேம்பா"
என்கிறார் முதலாளி இம்தியாஸ் பாய்.
போடலாம்.
விரல் பட்ட இடத்தில்
அடியிலிருந்த நீலம் எட்டிப் பார்க்கிறது,
அதற்கு மேல் எதைப் பூசுவது?

இன்று புது அட்டை வந்திருக்கிறது.
காகிதப்பட்டறைப் பக்கம் ஒரு சந்து.
207-ல் திரிபுராக்காரர் ஒருவர்.
குப்பியைத் திறக்குமுன்
மாடியேறிக் கதவைத் தட்டுகிறேன்,
மூக்கைத் தொட்டுக் காட்டிக் கேட்க.