யாரைக் கேட்பது

வால்திவியாவில் மழை யாரையும் கேட்டுப் பெய்வதில்லை.
அன்று காலையும் அப்படித்தான்.
ஈரக் காலணிகளை வாசலில் விட்டு
பச்சை அங்கிக்குள் நுழைந்தோம், ஆறு பேர்,
நான்காம் ஆண்டு மாணவர்கள்.

மேசையில் எர்மினியா வென்சுல்.
ஆற்றங்கரைச் சந்தையில் மீன் விற்பவர்.
கர்ப்பப்பையில் எலுமிச்சை அளவில் மூன்று கட்டிகள்.
முந்தின மாலை படிவத்தை வாங்கி
வரிவரியாக விரல் வைத்து வாசித்தார்.
"இது என்ன வார்த்தை?" என்று இரண்டு முறை கேட்டார்.
பிறகு நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு
கடனுக்குப் படகு வாங்குகிறவர் நிதானத்தில்
கையெழுத்திட்டார்.

கட்டிகளை எடுக்க ஒப்பினார்.
மயக்க மருந்துக்கு ஒப்பினார்.
ரத்தம் ஏற்ற நேர்ந்தால் அதற்கும்.
எங்கள் கைகளைப் பற்றி
அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை.

"கத்தி வைக்குமுன் ஒவ்வொருவராக
உள்ளே தொட்டுக் கட்டியை உணருங்கள்" என்றார் பேராசிரியர்.
"தூங்குகிறவருக்கு வலிக்காது. தெரியவும் தெரியாது."

வரிசையில் நான் நான்காவது.
எனக்குப் பின்னால் ரெமிகியோ கையுறை மாட்டாமல்
சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.
கோழை, என்று நினைத்தேன்.

நான் கற்றுக்கொண்டேன்.
மறைக்க மாட்டேன்:
அன்று விரல் அறிந்ததை வைத்துப் பிற்பாடு
இரண்டு பெண்களைக் காப்பாற்றினேன்.
அந்தக் கணக்கை எப்படிக் கூட்டினாலும்
மூன்றாவது பெண் ஒருத்தி மீதி நிற்கிறாள்.

மறுநாள் காய்ச்சல் பார்க்கப் போனபோது
"உன் கை எவ்வளவு இதம், மகளே" என்றார்.
அதே கை.

*

இரவுப் பணி முடிந்து ஒருநாள்
மூக்குக்கண்ணாடியோடு தூங்கிப்போனேன்.
விழித்தால் மூக்கின் இருபுறமும் சிவந்த பள்ளம்.
"கழற்றி வைத்தால் என்ன?" என்று எரிந்து விழுந்தேன்.
"தூங்கிக்கொண்டிருந்தாய். யாரைக் கேட்பது?"
என்றான் எவாரிஸ்தோ,
விளையாட்டாகத்தான், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போதெல்லாம் என் அறையில்
கேட்ட பிறகே போர்வை விலகும்.
மாணவர் இருக்கலாமா என்று
அவர்களை வெளியே நிறுத்திவிட்டுத்தான் கேட்பேன்.
வேண்டாம் என்பவருக்கும் அதே சிரிப்பு,
அதே மருந்து, அதே நேரம்.
இதை எழுதும்போதே
என்னை நானே தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்கிறது.

*

பதினோரு வருடம் கழித்துச் சந்தைக்குப் போனேன்.
படித்துறையில் கடல்சிங்கங்கள் கொட்டாவி விட்டன.
எர்மினியா ஒரு மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தார்.
சொன்னேன். முழுவதும். ஒரே மூச்சில்.
சுமையை இறக்கிவைக்கிறவளின் அவசரத்தில்.

கத்தி நின்றது.
"எத்தனை பேர்?"
"ஐந்து. ஒருவன் மறுத்தான்."
"நீ?"
"நான்காவது."

யாரோ விலை கேட்டார்கள். சொன்னார்.
காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.
சில்லறையை எண்ணி வாங்கினார்.

"பதினோரு வருஷம் நான் நன்றாகத் தூங்கினேன்.
உனக்கு இன்றிரவு தூக்கம் வரும்.
எனக்கு?
சொல்லட்டுமா என்று முதலில் கேட்டாயா, நீ?"

மன்னிப்பு என்ற சொல்லோடு வாய் திறந்தேன்.
மூடிக்கொண்டேன்.
தெறித்த செதில் ஒன்று மணிக்கட்டில் ஒட்டியிருந்தது.
"இங்கே கொஞ்சம் நிற்கலாமா?"

அவர் பதில் சொல்லவில்லை.
அடுத்த மீனை எடுத்தார்.
அந்த மௌனத்தை
எனக்குத் தோதாகப் படித்துக்கொள்ளாமல்
மழைக்குள் இறங்கினேன்.