கிளியர் கோட்

வில்லாபுரம் மொட்டை மாடி.
கொடிக்கம்பியில் பெட்ரோல் டேங்க் தொங்குகிறது,
உரித்த ஆடு மாதிரி.

நானூறாம் நம்பர் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க
கறுப்புக்கு அடியில் சிவப்பு,
சிவப்புக்கு அடியில் தழும்பாய்
‘செண்பகம் துணை’.
யாரோ. புரோக்கர் சொன்னதில்லை.
அதையும் தேய்த்தேன்,
கை மட்டும் கொஞ்சம் மெதுவாய்ப் போனது.

ஆடிக் காற்று அடங்க இரவு பத்தாகிவிட்டது.
மூன்று கோட்டு நீலம்.
கடைசி டின்னின் அடிப்பொத்தானை அமுக்கினேன்.
உள்ளே கெட்டிமருந்து உடைந்து கலந்தது;
இனி அதற்கு ஒரு ராத்திரிதான் ஆயுள்.

ஒரு சாண் தள்ளி
மூச்சைப் பிடித்து இழுத்தேன்.
ஈரப் பளபளப்பில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது.
எடுத்தால் தடம் விழும்.

பத்து நாள் கழித்து
பழங்காநத்தம் பங்கில் பெட்ரோல் வழிந்தது.
முந்தானையால் துடைத்தேன்.
நீலம் அப்படியே இருக்கிறது.
கொசுவும்.