ஐம்பத்தெட்டு அடி

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்.
எங்கள் நகர்மன்றத்தில் ஒன்று உண்டு:
முட்டை வேகவைக்கிற கடிகாரம்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
அதைத் திருகி வைப்பது என் வேலை.
மற்றபடி நான் குறிப்பு எழுதுகிறவள்.
பேசக் கூடாது. தலையாட்டக் கூடாது.
சிரிப்பு வந்தால் பேனாவைத் தவறவிட்டுக்
குனிந்து எடுக்கலாம்.

விஷயம் இதுதான்.
மில்வாக்கிக்கு மேற்கே, எங்கள் கடைத்தெரு முடிகிற இடத்தில்
பதினோரு வருடமாய்ப் பூட்டிக் கிடக்கிறது
ஒரு பேரங்காடி.
ஏரியிலிருந்து வந்த கடற்காகங்கள் கூரையில் குடித்தனம்.
கார் நிறுத்த வந்த கோடுகளுக்குள்
நீலப் பூச்செடிகள் ஒழுங்காக நிற்கின்றன.
பதினாறு வயதுப் பிள்ளைகள்
ரிவர்ஸ் எடுக்கப் பழகுகிறார்கள்.
அதை இடித்து,
கீழே மளிகை, மருந்துக் கடை,
மேலே நான்கு அடுக்கில்
இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.

முதலில் எழுந்தவர் டுவைன் க்ரூகர்ட்.
"நான் வளர்ச்சிக்கு எதிரியில்லை" என்று தொடங்கினார்.
அப்படித் தொடங்கியவர்களை ஓரத்தில் கோடு போட்டு எண்ணினேன்.
பத்தொன்பது.
ஒருவர் சாக்கடைக் குழாய் என்றார்.
ஒருவர் போக்குவரத்து சிக்னல் என்றார், அதை மட்டுமே என்றார்,
போன வருடம் நூலகத்துக்கும் அதையே சொன்னவர்.
ஒருவர் "அந்த மாதிரி ஆட்கள்" என்றார்.
எந்த மாதிரி என்று தலைவர் கேட்டார்.
"வாடகைக்கு இருக்கிறவர்கள்."
நான் எழுதினேன்:
*குடியிருப்போரின் தன்மை குறித்துக் கவலை தெரிவிக்கப்பட்டது.*

ஆர்லீன் ப்ரூஸ்கி காகிதமில்லாமல் வந்தார்.
நாலரை மணி வெயில் அவர் சமையலறை மேஜைவரை வருமாம்.
கணவரின் கண்ணில் இனி மிச்சமிருப்பது
அந்த வெளிச்சத்தின் விளிம்பு மட்டும்.
நாற்காலி எந்தப் பக்கம் என்று
அதை வைத்துத்தான் அவர்
மணி அடித்தது.
நான் திருகி வைத்த மணி.

அடுத்து மை சுவா வாங்.
முதியோர் இல்லத்தில் வேலை. பஸ் இரண்டு மாறி வருகிறார்.
"உங்கள் அம்மாக்களைக் குளிப்பாட்டுகிறேன்" என்றார்,
யாரையும் பார்க்காமல்.
முன்வரிசையில் இரண்டு தலை குனிந்தது.
ஒரு நிமிடம் நாற்பது நொடியை மிச்சம் வைத்து உட்கார்ந்துவிட்டார்.
அதை எடுத்து ஆர்லீனுக்குக் கொடுக்க
விதியில் இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை டுவைன் ஒரு சிவப்பு பலூனை
ஐம்பத்தெட்டு அடி நூலில் கட்டிப் பறக்கவிட்டார்.
உயரம் என்றால் என்னவென்று ஊர் பார்க்கட்டும்.
ஊர் வந்தது, மடக்கு நாற்காலியோடு வந்தது.
யாரோ டோனட் கொண்டுவந்தார்கள்.
காற்று பலூனைச் சாய்த்தபோதெல்லாம்
"நாற்பதுதான் இருக்கும்" என்றான் ஒரு பையன்.
டுவைன் நூலை இழுத்து நிமிர்த்தினார்,
பொய் சொன்ன சாட்சியை உலுக்குவதுபோல்.
ஆர்லீன் கணவரைக் கைபிடித்துக் கூட்டிவந்தார்.
"எங்கே?" என்றார் அவர்.
முப்பது பேரும் விரலை நீட்டினார்கள்.
மை சுவா வரவில்லை. ஞாயிறு அவருக்கு வேலை நாள்.

நானும் அண்ணாந்து பார்த்தேன்.
பலூன் நின்ற இடத்தில் ஒரு ஜன்னல்.
ஜன்னலோரம் எங்கே கெட்டில் வைப்பேன் என்றுகூடத் தெரிந்தது.
குனிந்தால், ஆர்லீன் வீட்டு மேஜை.
வெயில் அப்போது அதன் மேல்தான் இருந்தது.

இருபத்தாறு மைல் தள்ளி
ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே
நானும் வாடகைக்கு இருக்கிறவள்.
இந்த ஊர்ப் பேச்சையெல்லாம் எழுதுகிற கைக்கு
இந்த ஊரில் முகவரி இல்லை.
அது குறிப்பில் வராது.

நூல் எப்போது நழுவியது என்று யாரும் பார்க்கவில்லை.
டோனட் தீர்ந்த நேரமாக இருக்கலாம்.

வாக்கெடுப்பு மூன்றுக்கு மூன்று.
ஏழாமவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை.
அடுத்த மாதம் என்று தள்ளிவைத்தார்கள்.

அடுத்த மாதம் தலைவர் கேட்டார்:
"முந்தைய கூட்டத்தின் குறிப்பு ஏற்கப்படுகிறதா?"
ஒருவரும் படித்திருக்கவில்லை.
ஏழு கைகளும் உயர்ந்தன.
இந்த ஊர் ஒருமனதாய் ஏற்பது அதை ஒன்றைத்தான்.

கடிகாரத்தைத் திருகினேன்.
டுவைன் எழுந்தார்.
"நான் எதிரியில்லை..."