வாரம் என்று மூன்று கோப்பு

ராணிப்பேட்டையிலிருந்து ஒன்று,
ஆம்பூரிலிருந்து ஒன்று,
பேரணாம்பட்டிலிருந்து
தோல்மண்டி ரசீதில் சுற்றி ஒன்று.
மூன்று பிளாப்பியிலும் ஒரே பெயர்: வாரம்.
வைத்தவன் நான்தான்.
ஒரே நிரலை மூன்று ஷெட்டுக்கும் நகலெடுத்துக் கொடுத்து
மூன்று முறை காசு வாங்கிய கெட்டிக்காரன்.

வேலூர், லாங் பஜார் மாடியறை. மே மாதம்.
விசிறி கம்ப்யூட்டருக்கு, ஜன்னல் எனக்கு.
முதல் வாரம் திறந்தது.
இரண்டாவதைத் திறக்கப் போனால்
அந்தப் பெயரில் ஏற்கெனவே ஆள் உள்ளே என்கிறது ஃபாக்ஸ்புரோ.
சரி, ஆளுக்கொரு பட்டப்பெயர்:
ரா. ஆ. பே.
பெயர் வைத்தால் போதும் என்றிருந்துவிட்டேன்.

எந்த அறையில் கடைசியாகக் கால் வைத்தாயோ
அங்கேயேதான் நிற்கிறாய்.
செலக்ட் என்று ஒரு வரி சொல்லி நகராதவரை
எழுதுவதெல்லாம் அங்கேதான் விழும்.
அந்த ஒரு வரியைத்தான் விட்டிருந்தேன்.

சனி போய், திங்கள்.
குடியாத்தத்தில் பஸ் மாறி வந்து படியேறினார்
பேரணாம்பட்டு துலுக்காணம், டோக்கன் நாற்பத்தொன்று.
நகக்கண்ணெல்லாம் குரோமிய நீலம்.
"இன்னா சார், மூணு ராத்திரி ட்ரம் சுத்தினேன்.
சீட்டுல ஓவர்டைமுக்கு முட்டை போட்டுகீது."

ரா-வில் தேடினேன்.
அங்கேயும் ஒரு நாற்பத்தொன்று:
ஜீவரத்தினம், சுண்ணாம்புக் குழி, பகல் ஷிப்ட்,
ராத்திரி வேலைக்கு நூற்று இருபத்தாறு ரூபாய்.
போன் போட்டேன். ராணிப்பேட்டை மேஸ்திரி சிரித்தார்.
"அவன் சைக்கிளுக்கு ரெண்டு டயரும் மாத்திட்டாம்பா.
மொதலாளிக்குத் திடீர்னு மனசு எளகிச்சின்னு நெனச்சிகினான்."

துலுக்காணம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"இதுல எது சார் எங்க ஊரு?"
மூன்றிலும் அதே கட்டம், அதே தலைப்பு.
நான் சொல்வதற்குள் அவரே சொன்னார்:
"எங்க ஷெட்டுல நாலு துலுக்காணம்.
நான் ட்ரம்மு. ஒருத்தன் சோடாபுட்டி.
ஆனா மேஸ்திரி மூஞ்சப் பாக்காம
கவரை நீட்ட மாட்டாரு."

பிடித்தம் போடு என்றார் முதலாளி, மறுமுனையில்.
போட்டால் எந்த டயரை முதலில் கழற்றுவது?
சட்டைப் பையில் நூற்று நாற்பது இருந்தது.
எண்ணிக் கொடுத்தேன்.
அவர் மடிக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.
"இது யாரு கணக்குல சார்?"

செலக்ட் பே என்று தட்டினேன்.
தட்டிவிட்டு
எங்கே நிற்கிறேன் என்று
இன்னொரு தரம் பார்த்துக்கொண்டேன்.