பாண் வண்டி, காலை ஆறே கால்

மஸ்கெலியாவிலிருந்து மேலேறும் மூன்றாம் வளைவு.
என் ஆட்டோ பாட்டுப் போட்டபடி வருகிறது.
பேட்டரி தளர்ந்து பாட்டும் இழுபடுகிறது,
சளி பிடித்தவன் பாடுவதுபோல.
கண்ணாடிக்குள் ரோஸ் பாண், சீனி பணிஸ், கிம்புலா
எல்லாம் வியர்த்துக்கொண்டிருக்க
பனிக்குள்ளிருந்து ஒரு கை மறித்தது:
"பான்?"

வெள்ளைக்காரி என்று நினைத்தேன். இல்லை,
என் தங்கச்சி நிறம்.
கொலம்பியாவாம். கோப்பி மலையில் பிறந்து
தேயிலை மலையைப் படிக்க வந்தவள். யமிலே.

"பாண்" என்றேன்.
"பான்" என்றாள்.
ஒருவரை ஒருவர் திருத்துகிறோம் என்று நினைத்து
திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றோம்.
பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடிக்க
அப்போதுதான் விளங்கிற்று,
அவள் ஊரிலும் பாண் பாண்தான்.

மறுநாள் காலைத் தூக்கிக் காட்டினாள்.
சப்பாத்தில் இரண்டு அட்டை.
"சபாத்தோ! சபாத்தோ!"
உப்பு எடுக்க ஓடியிருக்க வேண்டும் நான்.
சிரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு காலைக்கு ஒரு சொல்.
மேசைக்கு மேசா.
குசினிக்கு கொசீனா.
துவாய்க்கும் ஏதோ சொன்னாள், கிட்டத்தட்ட துவாய்தான்.
அங்கே கப்பலில் போனவன் அண்ணன்,
இங்கே வந்தவன் தம்பி போலிருக்கிறது.
அண்ணன் போட்டுவிட்டுப் போனது
அவளுக்கு முழு மொழி.
தம்பி எனக்கு விட்டுப்போனது
ஒரு மேசை, ஒரு சோடி சப்பாத்து, பாண்.

ஒரு நாள் கொப்பியைத் திறந்தாள்.
படிப்புக்காக ஐந்து பேரோடு பேச வேண்டுமாம்.
விடுதி முதலாளி ஒன்று, அவருடைய டிரைவர் இரண்டு,
"நீங்கள் மூன்றாவது உள்ளூர்க்காரர்"
என்றது அவள் போனுக்குள்ளிருந்த குரல்
செய்தி வாசிப்பதுபோல.

நான் திரும்பிப் பார்த்தேன்,
பின்னால் யார் நிற்கிறார்கள் என்று.

கண்டிச் சாவடியில் கேட்டார்கள் முன்பு, எந்த ஊர்?
தோட்டத்தைச் சொன்னேன்.
அது சரி, சொந்த ஊர்?
யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாண வீட்டில்
அதே கேள்வி, வேறு தமிழில்.
கண் ஆபரேஷனுக்கு அம்மாவைத் திருச்சிக்குக் கூட்டிப்போனபோது
வார்டுக்கே நாங்கள் சிலோன்காரர்.

இவள் கேட்கவேயில்லை.
எழுதிவிட்டாள்.
பேனாவில் மை வராமல் இரண்டு தடவை கீறி
மூன்றாம் தடவை அழுத்தி.

போகிற அன்று முகவரி கேட்டாள்.
லயத்துக்கு இலக்கம் கிடையாது,
கடிதம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும்,
கிளாக்கர் ஐயாவுக்கு மனம் வந்தால் எங்களுக்கும் வரும்.
இதையெல்லாம் போனுக்குச் சொன்னேன்.
போன் அவளுக்கு என்ன சொல்லிற்றோ,
வெகுநேரம் பேசாமல் கிம்புலா தின்றாள்.

ஏழாம் மாதம் வந்தது ஒரு தபால் அட்டை.
பாண்,
மேல் டிவிசன்,
மஸ்கெலியா.
பெயரில்லை. ஆபீசுக்கும் போகவில்லை.
தபால்காரர் வளைவில் வண்டியை மறித்து நீட்டினார்.
காசு கொடுக்காமல் ஒரு சீனி பணிஸும் எடுத்துக்கொண்டார்.

படத்தில் சிவப்பாய்க் கோப்பிப் பழம்,
பறிக்கிற ஒரு பெண், இடுப்பில் கட்டிய கூடை.

மலையிலிருந்து வந்து, சாக்கை அவிழ்க்காமலே
தவமலர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
நெற்றியில் கூடைக் கயிறு அழுத்திய கோடு இன்னும் மறையவில்லை.
யார் அனுப்பியது என்று கேட்கவில்லை.
"இடுப்பிலயா?" என்றாள்.
"அப்படின்னா கழுத்து வலிக்காதுல்ல."