விழிப்புணர்வு நாடகம்

மண்டபத்து மேனேஜர் படிவத்தைத் தள்ளினார்.
"என்ன நாடகமுங்க?"
விழிப்புணர்வு, என்றாள் கோகிலவாணி.
"எய்ட்ஸுங்களா, பிளாஸ்டிக்குங்களா?"
பிளாஸ்டிக்குங்க, என்றேன் நான்.
ஜெனரேட்டர் தனி. சேரை எண்ணித் திருப்பித் தரணும்.
ஒன்பதுக்குப் பூட்டிருவோம்.

அப்படித்தான் காங்கேயம் ரோட்டில்
சனிக்கிழமைச் சம்பளம் தீராத ஒரு ஞாயிறு சாயங்காலம்
இரண்டு பெண்கள் காதலிக்கும் கதை
பிளாஸ்டிக் ஒழிப்பு என்ற பேரில் மேடையேறியது.

திரை, சாயம் சரியாகப் பிடிக்கவில்லையென்று
ஜெர்மனிக்காரன் திருப்பியனுப்பிய துணி.
ஓவர்லாக்கில் ஓட்டியது நான்.
அதற்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து
செல்போன் வெளிச்சத்தில் பக்கம் புரட்டுவதும் நான்.
எனக்கு நடிக்க வராது.
அடுத்தவர் மறந்ததை எடுத்துக்கொடுக்க வரும்.

ஜெசிந்தா மாப்பிள்ளை வீட்டாருக்குக் காபி கொண்டுவருகிறாள்.
டம்ளர் எல்லாம் காலி,
தளும்பாமல் நடக்கிறாள்.
பொண்ணு ஜம்முனு இருக்குது, என்கிறது பின்வரிசை.
முறுக்குக் கடிக்கும் சத்தம்.
கோகிலா வந்து அவள் பக்கத்தில் நிற்கிறாள்.
நின்ற விதத்தில்
முறுக்குச் சத்தம் ஓய்கிறது.

பக்கம் முப்பத்தொன்று.
"நாம் இருவரும் சேர்ந்து வாழ்வோம்."
எழுதியவர் சென்னைக்காரர்.
ஒத்திகை முழுக்க அந்த வரியை
அடுத்தவர் செருப்பைப் போட்டதுபோல
தேய்த்துத் தேய்த்து நடந்தாள்.

இன்றைக்கு நின்றுவிட்டாள்.
ஒன்று, இரண்டு, எண்ணுகிறேன்.
துணியில் உதடு பட
நாம் இருவரும், என்கிறேன்.
கேட்டுவிட்டது அவளுக்கு, தோடு அசைகிறது.
வாங்கிக்கொள்ளவில்லை.
ஜெசிந்தாவின் கைத்தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொல்கிறாள்:

"ஒட்டுக்கா இருந்துக்கலாமுங்களா?"

முப்பத்தொன்றில் இல்லை.
புரட்டினேன், முப்பத்திரண்டிலும் இல்லை.

அது நான் சொன்னது.
ஆடி மாதம், கரண்ட் போன ராத்திரி,
பனியன் பெட்டி அட்டையால்
அவளுக்குக் கொசு விரட்டிக்கொண்டே
ஒரே ஒரு தடவை.
பக்கத்தில் படுத்திருப்பவளுக்கு எதுக்குடி 'ங்க', என்று சிரித்தாள்.
எங்களூரில் கன்றுக்குட்டிக்கும் மரியாதைதான், என்றேன்.
அந்தப் பேச்சில் பதில் எங்கேயோ விழுந்துபோனது.
நானும் தேடவில்லை.

இப்போது எண்பத்து மூன்று பேருக்கு முன்னால்
அது இன்னொருத்தியிடம் போகிறது.
காது சுட்டது.
திரையை எந்நேரம் பிடித்தேனோ, ஒரு தையல் விட்டிருந்தது.
கோபமா என்று கேட்டால்
ஆமாம். வேறு என்னவோவும்.

ஜெசிந்தாவுக்கு வாய் வரவில்லை.
அவள் மனப்பாடம் செய்தது பழைய வரிக்கான பதில்.
திரை இடுக்கில் என்னைத் தேடுகிறாள்.
புத்தகத்தில் இருப்பது: "ஊர் என்ன சொல்லும்?"
நான் எடுத்துக்கொடுத்தேன்:
"இருந்துக்கலாமுங்க."

அவளும் அப்படியே சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம் நாலாம் காட்சிக்கு வழியில்லை.
மணப்பந்தல், அழுகை, ரயில், எல்லாம் பெட்டிக்குள்ளேயே.
லைட் போட்டவன் பாவம், அணைத்துவிட்டான்.
ஒருத்தர் எழுந்து போனார்.
மற்றவர்கள் இருட்டுக்குக் கை தட்டினார்கள்,
ஊற ஆரம்பித்த மழைபோல, அங்கொன்றும் இங்கொன்றுமாய்.

மேனேஜர் சேர் எண்ணிக்கொண்டே வந்தார்.
"பிளாஸ்டிக் பத்தி ஒண்ணுமே வரலீங்களே?"
உட்கார்ந்திருந்ததெல்லாம் அதுலதானுங்களே, என்றாள் கோகிலா.
ஜெனரேட்டருக்கு நானூறு வாங்கிக்கொண்டார்.
பிறகு நோட்டைப் பார்த்தபடியே:
"கடைசில அந்த ரெண்டு புள்ளைகளும் இருந்துக்குதுங்களா?"
தெரியலீங்க, என்றேன். பாதியில நின்னுருச்சு.

வண்டியில் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தேன்.
நொய்யல் பாலத்தில் சாயத்தண்ணீர் வாடை.
இரண்டு பேரும் பேசவில்லை.

காம்பவுண்டில் விளக்கு எரிந்தது.
வீட்டுக்காரம்மாவுக்கு நாங்கள் பெரியம்மா, சித்தி மக்கள்.
நாலு வருஷமாக ஓடும் நாடகம்,
ஒருநாளும் எடுத்துக்கொடுக்க ஆள் வேண்டியதில்லை.

"ஏங்கண்ணு, அக்காளும் தங்கச்சியும்
இந்நேரத்துக்கு எங்கபோயிட்டு வர்றீங்க?"

வாயைத் திறந்த கோகிலா
நின்றுவிட்டாள்.
தோடு அசைகிறது.

ஒன்று.
இரண்டு.

நான் எடுத்துக்கொடுக்கவில்லை.